மேகம் வந்தால் சோலார் சார்ஜ் நின்றுவிடுகிறது, வழி சொல்லுங்கள்

சென்னை பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். பொங்கல் விடுமுறையில் ஜவ்வாதுமலையில் கரண்ட் இல்லாத இடத்தில் கூடாரம் போடுகிறோம். டார்ச், போன் இரண்டுக்கும் 21 வாட் மடக்கு சோலார் பேனலும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்கும்தான் நம்பிக்கை.

போன மாதத்திலிருந்து மொட்டைமாடியில் வைத்துப் பார்க்கிறேன். நல்ல வெயிலில் சார்ஜ் ஏறுகிறது. ஒரு மேகம் கடந்தால் பவர் பேங்கின் நீல விளக்கு அணைந்துவிடுகிறது, வெயில் திரும்பியும் எரிவதில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினால்தான் மறுபடி ஏறும். நாங்கள் நடக்கப் போய்விட்டால் யார் செருகுவது?

குட்டையான தடித்த கேபிள் மாற்றினேன். வேறு பவர் பேங்கும் போட்டுப் பார்த்தாச்சு, அதே கதைதான். சூடு காரணமோ என்று பேனலுக்கு அடியில் நிழலில் வைத்தேன், பலனில்லை.

வெயில் திரும்பியதும் தானாகவே தொடங்கும் யூஎஸ்பி பேனல் உண்டா, அல்லது ரிச்சி தெருவில் (சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) 12 வோல்ட் பேனல், பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர், சின்ன லித்தியம் பேட்டரி என்று தனித்தனியாக வாங்குவதுதான் சரியா?