பேப்பர் மில்லில் வேலை பார்த்தவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசி, நஷ்டஈடு: எங்கள் அனுபவம்

பாய்லர் ஃபிட்டர் ஒருவரின் மகள்:

அப்பா ஒரு காகித ஆலையில் பாய்லர் ஹவுஸ் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரொம்ப வருஷம் நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் படி ஏறினாலே இரைக்க ஆரம்பித்தது, விடாத வறட்டு இருமல் வேறு. ஊரில் காட்டிய இடத்தில் டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள். சளிப் பரிசோதனையில் கிருமி எதுவும் வரவில்லை. எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது என்பதற்காகவே மாத்திரை. அந்த கோர்ஸ் முடிந்தும் இருமல் நிற்காததால் மறுபடியும் அதே மாத்திரை.

அரசு மருத்துவக் கல்லூரியின் நெஞ்சக நோய்ப் பிரிவில் ஒரு இளம் டாக்டர்தான், "ஐயா என்ன வேலை பார்த்தீங்க?" என்று முதன்முதலில் கேட்டார். "மில்லுல" என்றார் அப்பா. "மில்லுல எந்த இடம்? தினமும் என்னத்தத் தொட்டு வேலை செஞ்சீங்க?" என்று அவர் விடவில்லை. ஸ்டீம் பைப்புக்கு லேக்கிங் (சூடு வெளியேறாமல் மேலே கட்டும் உறை) கட்டியது, ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றியது, வால்வுக்கு பேக்கிங் (கசிவை அடைக்கும் திணிப்பு) மாற்றியது என்று அப்பா சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். எச்.ஆர்.சி.டி. ஸ்கேனில் இரண்டு நுரையீரலின் அடிப்பாகத்திலும் தழும்பு. நுரையீரலை மூடியிருக்கும் உறையில் சுண்ணாம்பு படிந்த திட்டுகள். ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் தழும்பாகும் இந்த நோயின் பெயர் ஆஸ்பெஸ்டோசிஸ்.

நஷ்டஈட்டு மனு போட்டபோது எங்களைக் காப்பாற்றியது அந்த கேஸ் ஷீட்தான். நிர்வாகத்தின் வக்கீல் சொன்ன பதில்: "நாங்கள் காகிதம் தயாரிக்கிறோம், ஆஸ்பெஸ்டாஸ் தயாரிக்கவில்லை. இவர் பீடி குடித்தவர்." பீடி குடித்தால் மூச்சுக்குழாய் கெடும், புற்றுநோய் வரும், சரி. அந்தத் திட்டுகள் பீடியால் வராது. டாக்டர் அதை நேரில் வந்து சொன்னார். அப்பாவோடு வேலை பார்த்த ஸ்டோர் கிளார்க் ஒருவர் ஒரு பழைய இண்டென்ட் (ஸ்டோரில் பொருள் கேட்டு எழுதும் சீட்டு) நகலை வைத்திருந்தார். "ஆஸ்பெஸ்டாஸ் ரோப், 25 எம்.எம்., பாய்லர் ஹவுஸ்" என்று எழுதி, கீழே அப்பாவின் கையெழுத்து. அதற்கு மேல் அவர்களால் பேச முடியவில்லை. வந்த பணம் பெரிதில்லை, ஆனால் வந்தது. டாக்டரிடம் போகும்போது "மில் தொழிலாளி" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எந்த செக்‌ஷன், கையில் என்ன பொருள், எத்தனை வருஷம் என்று சொல்லி அதை எழுதவையுங்கள்.

ஓய்வுபெற்ற மெஷின் ஹவுஸ் மெக்கானிக்:

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பாய்லர் ஹவுஸோடு இது முடியவில்லை. காகித மெஷினில் டிரையர் பகுதி முழுக்க நீராவி ஓடும் உருளைகள்தான். ஈரத்தாள் அவற்றின் மேல் ஓடித்தான் காயும். நீராவி போகிற இடமெல்லாம் லேக்கிங் உண்டு, பைப்புகள் இணையும் ஒவ்வொரு ஃபிளாஞ்சிலும் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் உண்டு. அந்தக் காலத்தில் கேஸ்கட் என்றால் சி.ஏ.எஃப். ஷீட்தான், அதாவது அழுத்திய ஆஸ்பெஸ்டாஸ். ஷீட்டை ஃபிளாஞ்ச் மேல் வைத்து, பால் பீன் சுத்தியலால் விளிம்பைச் சுற்றித் தட்டித்தட்டி வெட்டியெடுப்போம். அது பரவாயில்லை. பழைய கேஸ்கட்டைக் கழற்றுவதுதான் கொடுமை. சூட்டில் இறுகி ஃபிளாஞ்சோடு ஒட்டியிருக்கும். ஸ்கிரேப்பரால் சுரண்டி, வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, கடைசியில் ஏர் ஹோஸால் ஊதிவிடுவோம். அந்தத் தூசி முகத்துக்கு நேரேதான் வரும். பம்பின் தண்டு வெளியே வரும் கிளாண்டில் பழைய பேக்கிங்கைக் கொக்கியால் இழுத்தால் பொடிப்பொடியாக உதிரும். காகிதத்தைச் சுருளாகச் சுற்றும் ரீவைண்டரில் பிரேக் லைனிங்கும் ஆஸ்பெஸ்டாஸ்தான்.

முகமூடி என்று எதுவும் கொடுத்ததில்லை, துண்டைக் கட்டிக்கொள்வோம். அதே துண்டையும் காக்கிச் சட்டையையும் வீட்டில் மனைவி உதறித் துவைப்பாள். அந்தத் தூசியால் துவைத்தவர்களுக்கும் நோய் வருவதுண்டு என்று பின்னாளில்தான் தெரிந்தது. என் மனைவிக்கும் இப்போது வருடம் ஒருமுறை எக்ஸ்ரே எடுக்கிறோம்.

ஷட்டவுன் வேலைக்குப் போனவரின் மகன்:

என் அப்பா மில் ஆள் இல்லை, கான்ட்ராக்ட் ஆள். மில்லை நிறுத்திப் பழுதுபார்க்கும் வருடாந்திர ஷட்டவுன் வந்தால் பழைய லேக்கிங்கை உடைத்து அள்ளுவதற்கென்றே கூட்டிப்போவார்கள். சுத்தியலால் தட்டினால் பழைய வீட்டுச் சுவர்ப் பூச்சு மாதிரிப் பெயர்ந்து விழும் என்பார். அதைச் சாக்கில் அள்ளிக் கட்டி, மதியம் அந்தச் சாக்கு மேலேயே உட்கார்ந்து சாப்பாடு. சம்பளச் சீட்டு கிடையாது, பி.எஃப். கிடையாது. அந்த கான்ட்ராக்டரும் இறந்துவிட்டார். இப்போது அப்பாவுக்கு ஆக்சிஜன் இல்லாமல் முடியவில்லை. நாங்கள் யாரைக் கேட்பது? இணையத்தில் தேடினால் அமெரிக்க வக்கீல்கள் விளம்பரம்தான் வருகிறது.

தொழிற்சங்க அலுவலகத்தில் வழக்குகளைப் பார்ப்பவர்:

தம்பி, அந்த விளம்பரங்களை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் ஜான்ஸ் மான்வில் மாதிரிக் கம்பெனிகள் வழக்குகளின் பாரம் தாங்காமல் 1982இல் திவால் மனு போட்டன, அதன் பிறகு நஷ்டஈட்டுக்கென்று தனி அறக்கட்டளைகள் வந்தன. அங்கே காகித ஆலைத் தொழிலாளர்களும் அவற்றில் பணம் கேட்கிறார்கள். நம் ஊர் மில்லில் தூசி தின்றவருக்கு நம் ஊர்ச் சட்டம்தான் வழி.

1923ஆம் வருடத்து ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஆஸ்பெஸ்டோசிஸ் தொழில் நோயாகவே இருக்கிறது. அதற்கு எதிரே வேலை என்ற இடத்தில், அந்த ஆபத்துக்கு ஆளாக்கும் எல்லா வேலையும் என்றுதான் போட்டிருக்கிறார்கள். அதனால் "நாங்கள் காகிதம்தான் செய்கிறோம்" என்ற வாதம் நிற்காது. வேலையை விட்ட பிறகு நோய் தெரிந்தாலும் கேட்கலாம். இந்த நோய் வெளியே வரவே பத்து வருஷத்திலிருந்து நாற்பது வருஷம் ஆகும் என்பதால் இது முக்கியம். கான்ட்ராக்ட் ஆளுக்கு 12ஆம் பிரிவு இருக்கிறது: வேலையைக் கொடுத்த மில்லே பணம் தர வேண்டும், பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் பாடு. உங்கள் அப்பா விஷயத்தில் கான்ட்ராக்டர் இறந்துவிட்டதால் கதவு மூடிவிடவில்லை.

2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டமும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டன. தொழில் நோய்ப் பட்டியல் அதிலும் உண்டு. நோய் எப்போது தெரிந்தது என்பதைப் பார்த்து எதன் கீழ் மனு போடுவது என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தள்ளிப்போடாதீர்கள். பழைய சட்டத்தில் கெடு இரண்டு வருஷம். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க முடியும், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

நான் பார்த்தவரையில் வழக்கு சட்டத்தில் தோற்பதில்லை, காகிதம் இல்லாமல் தோற்கிறது. 1995இல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களுக்காகக் கொடுத்த தீர்ப்பில், உடல்நலப் பதிவேடுகளை வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 வருஷமோ ஓய்வுக்குப் பிறகு 15 வருஷமோ, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது. அந்த உத்தரவு ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகளுக்கானதுதான், ஆனாலும் மனுவில் அதைக் காட்டி மில்லின் மருத்துவப் பதிவைக் கேட்கிறோம். தொழிற்சாலைகள் சட்டமே காகித ஆலையை அபாயகரமான தொழில்களின் பட்டியலில்தான் வைத்திருந்தது, அங்கே உடல்நலப் பதிவு வைப்பது கட்டாயம். "பதிவேடு இல்லை" என்று அவர்கள் சொன்னால் அதையே எழுத்தில் வாங்குங்கள். தப்பு யார் பக்கம் என்று அந்தக் கடிதமே சொல்லும்.

உங்கள் அப்பாவோடு ஷட்டவுனுக்கு வந்தவர்களில் உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் பிடித்து, எந்த மில், எந்த வருஷம், எந்த வேலை என்று ஆளுக்கொரு வாக்குமூலம் எழுதி வாங்குங்கள். பழைய கேட் பாஸ் ஒன்று கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். ஸ்கேனும் மூச்சுத்திறன் பரிசோதனையும் அரசு மருத்துவமனையில் செய்து, அந்த அக்கா சொன்ன மாதிரி வேலை விவரத்தைக் கேஸ் ஷீட்டில் ஏற்றுங்கள். அப்புறம் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகம்.

அதற்கு முன்னால் ஒன்று: அப்பாவுக்கு எப்போதாவது இ.எஸ்.ஐ. பிடித்தார்களா என்று கேளுங்கள். பிடித்திருந்தால் முதலாளி மேல் இழப்பீட்டு மனு போட முடியாது, இ.எஸ்.ஐ.யிடமே ஊனப் பலன் கேட்க வேண்டும். பழைய கார்டு வீட்டில் கிடந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள், நம்பரை வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.