இரு திரவ எல்லையில் ஆக்சிஜன் ஒடுக்கம்: பெராக்சைடு ஏன் கணக்குக்கு எட்டவில்லை?

கேள்வி

வணக்கம். அமிலம் கலந்த நீர் மேலடுக்காகவும் 1,2-டைகுளோரோஈத்தேன் கீழடுக்காகவும் நிற்கும் குடுவையில், கீழே எலக்ட்ரான் தரும் டெக்காமெத்தில்ஃபெரோசீனையும் வினையூக்கியான கோபால்ட் டெட்ராஃபீனைல்போர்பிரினையும் கரைத்து, நீரில் ஃபுளோரினேற்றிய போரேட்டின் லித்தியம் உப்பைச் சேர்த்துக் குலுக்கினேன். கீழடுக்கு பச்சையாயிற்று, பிரித்தெடுத்த நீரில் அயோடைடு இட்டபோது ஹைட்ரஜன் பெராக்சைடும் தென்பட்டது. ஆனால், ஆக்சிஜன் இரண்டு எலக்ட்ரான் ஏற்றுப் பெராக்சைடாகிறது என்பதால் வரும், இரண்டு ஃபெரோசீனுக்கு ஒரு பெராக்சைடு என்ற கணக்குக்கு அது எட்டவில்லை. வினையூக்கி நான்கு எலக்ட்ரான் வழியில் நீரையும் தருகிறதா? வினை எல்லையில்தான் நடக்கிறதா?

மறுமொழி 1

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். எலக்ட்ரான் தருவது கீழே, புரோட்டான் மேலே. நீரை விட்டு வெளியேற விரும்பாத லித்தியமும் கரிம அடுக்கை நாடும் போரேட்டும் சேர்ந்து எல்லையின் குறுக்கே ஒரு மின்னழுத்த வேறுபாட்டை நிறுவ, அதுவே புரோட்டான்களைக் கீழே இறக்குகிறது. எனவே இங்கே எல்லை என்பது பெரும்பாலும் புரோட்டான் நுழையும் வாசல். ஆக்சிஜனைக் கோபால்ட் பற்றிக்கொள்வதும் எலக்ட்ரான் ஏறுவதும் வாசலுக்கு அப்பால், கரிமப் பக்கத்தில் நடக்கலாம். உருவான பெராக்சைடு நீருக்குத் திரும்பிவிடுவதால், மேலும் ஒடுக்கப்படாமல் ஓரளவு தப்புகிறது.

ஒற்றைக் கோபால்ட் போர்பிரின் பெரும்பாலும் இரண்டு எலக்ட்ரானோடு நின்றுவிடும். இரண்டு போர்பிரின்களை முகத்துக்கு முகம் நிறுத்தி, நடுவில் ஆக்சிஜனைப் பிடிக்கும் இருமங்கள் நான்கு எலக்ட்ரான் வழியைத் திறக்கும் என்பதை வேதியியலாளர் காலமன் குழுவினர் 1980 வாக்கில் கிராஃபைட் மின்முனையில் காட்டினர். பின்னர் சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியலாளர் ஜிரோவின் குழு அத்தகைய மூலக்கூறுகளைத் திரவ எல்லையிலும் ஆராய்ந்தது.

மறுமொழி 2

நான்கு எலக்ட்ரான் வழி என்று முடிவுகட்டும் முன் கணக்கைச் சரிபாருங்கள். பெராக்சைடின் அளவை, எடுத்துக்கொண்ட ஃபெரோசீனால் அல்ல, உண்மையில் ஆக்சிஜனேற்றமடைந்த ஃபெரோசீனால்தான் வகுக்க வேண்டும். அப்படி உருவாகும் பச்சை அயனி 779 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சுவதால் அதை நேரடியாக அளக்கலாம். தெரிந்த அளவு பெராக்சைடை அதே குடுவையில் இட்டுக் குலுக்கி, எவ்வளவு மிஞ்சுகிறது என்றும் பாருங்கள். குறைந்தால், அது தோன்றிய பின் அழிகிறதே தவிர, நான்கு எலக்ட்ரான் வழிக்கு அது சான்றாகாது. போர்பிரின் இல்லாமல் ஒரு குடுவை, நைட்ரஜன் சூழலில் ஒரு குடுவை இரண்டும் தேவை. ஆக்சிஜன் இல்லாதபோது இதே ஃபெரோசீன் மெதுவாக ஹைட்ரஜனை வெளியிட்டும் பச்சையாகும். டைகுளோரோஈத்தேன் புற்றுநோய் அபாயமுள்ளது, காற்றுப்போக்குப் பெட்டிக்குள்ளேயே குலுக்குங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி. நான் வகுத்தது தொடக்க அளவால்தான். பச்சை அயனியை அளந்துவிட்டு, பெராக்சைடு இட்ட குடுவையின் முடிவோடு வருகிறேன்.