எலக்ட்ரிக் டூத்பிரஷ்ஷுக்கு அவ்வளவு பணம் தகுமா? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பாலக்கோட்டுக்காரன்:

என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் வாங்கினால் தகும். பத்தாயிரத்தைத் தாண்டும் மாடல்களுக்குக் கொடுக்கும் பணம் பல்லுக்குப் போய்ச் சேர்வதில்லை.

நான் இதை வாங்கியது அம்மாவுக்காக. பக்கவாதம் வந்து தேறிய பிறகும் அவர் வலது கை விரல்கள் சரியாக மடங்குவதில்லை. சாதாரண பிரஷ்ஷைக் கொடுத்தால் முன்பல்லில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வாய் கொப்பளித்துவிடுவார். கடைவாய்ப் பக்கம் பிரஷ் போகவே போகாது. ஈறு வீங்கி, துப்பும்போதெல்லாம் ரத்தம். கேழ்வரகுக் களி என்றால் விழுங்கிவிடலாம், வறுத்த கடலையை எப்படி மெல்வது? பல் டாக்டரிடம் கூட்டிப் போய்ப் பல்லில் இறுகியிருந்த காரையை எடுத்தோம். அவர்தான், இனி மோட்டார் வைத்த பிரஷ் கொடுங்கள், கை செய்ய வேண்டிய வேலையை அது செய்துவிடும் என்றார்.

அவர் சொன்னது போலவே நடந்தது. கைப்பிடி தடிமனாக இருப்பதால் விரல் மடங்காவிட்டாலும் உள்ளங்கையில் வைத்துப் பிடித்துக்கொள்ள முடிகிறது. தேய்க்கத் தேவையில்லை. ஒவ்வொரு பல்லின் மேலும் இரண்டு மூன்று நொடி வைத்து, அடுத்த பல்லுக்கு நகர்த்தினால் போதும். ஒரு விஷயம் மட்டும் ஆரம்பத்திலேயே பழக வேண்டும்: பேஸ்ட் வைத்து, பிரஷ்ஷை வாய்க்குள் கொண்டுபோய்ப் பல்லில் பதித்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். வெளியிலேயே போட்டால் பேஸ்ட் முழுக்கக் கண்ணாடியிலும் சேலையிலும் தெறிக்கும். 30 நொடிக்கு ஒரு தரம் மோட்டார் விட்டு விட்டு அதிரும். அது பக்கம் மாற்றச் சொல்லும் குறிப்பு. மேலே வலம், மேலே இடம், கீழே வலம், கீழே இடம் என்று இரண்டு நிமிஷம். அம்மாவுக்கு இது சீக்கிரமே பழகிவிட்டது. இப்போது ஈறில் ரத்தம் வருவதில்லை, கடலையும் மெல்கிறார்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 2014-ல் 56 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. மூன்று மாதத்துக்கு மேல் மின்சார பிரஷ் பயன்படுத்தியவர்களுக்கு, கைபிரஷ்காரர்களைவிடப் பல்லில் படியும் பிளாக் என்ற அழுக்குப் படலம் 21 சதவீதமும் ஈறு வீக்கம் 11 சதவீதமும் குறைவாக இருந்தன. நல்ல பலன்தான். ஆனால் அது மோட்டார் பிரஷ்ஷைக் கைபிரஷ்ஷோடு ஒப்பிட்ட கணக்கு. கடைக்காரர்கள் இந்தப் பலனைச் சொல்லிவிட்டு, கையோடு செல்போனோடு இணைகிற, வண்ணத் திரை வைத்த, பயணப் பெட்டியோடு வருகிற மாடலை எடுத்து நீட்டுகிறார்கள். எனக்கு அது ரொம்பவே உறுத்துகிறது. எழுபது வயது அம்மாவுக்குப் பல் துலக்க ஒரு ஆப் எதற்கு?

ஓசூர் நைட் ஷிப்ட்:

பாலக்கோடு அண்ணா, அம்மா விஷயத்தில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. என் அண்ணன் கதை வேறு. கையில் குறை ஒன்றும் இல்லை, பலம்தான் அதிகம். பாத்திரம் தேய்க்கிற மாதிரி பல்லைத் தேய்ப்பான். பிரஷ்ஷும் ஹார்டு. வாங்கிய இரண்டே வாரத்தில் நார் எல்லாம் விரிந்து வெளியே மடங்கிவிடும். ஈறு மேலே ஏறி, பல்லின் கழுத்துப் பக்கம் நகத்தை வைத்தால் சிக்குகிற அளவுக்குப் பள்ளம். மார்கழிக் குளிரில் ஓசூர் குழாய்த் தண்ணீர் அந்த இடத்தில் பட்டால் துடித்துப்போவான்.

அவனுக்கு உதவியது மோட்டார் பிரஷ்ஷில் வருகிற, அழுத்தத்தைக் காட்டும் சென்சார். அதிகம் அழுத்தினால் பிரஷ்ஷின் கழுத்தில் சிவப்பு விளக்கு எரியும், மோட்டாரின் வேகமும் குறையும். ஆரம்பத்தில் அவன் துலக்குகிற நேரம் முழுக்க அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. போகப் போக அணைந்தே இருக்கிறது. பள்ளம் தானாக நிரம்பாது, அதை டாக்டர் அடைத்துத்தான் விட்டார். மேற்கொண்டு கரையாமல் நின்றது இந்தப் பிரஷ்ஷால். அதனால் சென்சாருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. பென்சில் செல் போட்டு ஓடும் சில நூறு ரூபாய் பிரஷ்கள் எங்கள் ரூமில் நிறையப் பேரிடம் இருக்கின்றன. செல் புதிதாக இருக்கும்போது சரி. தீரத் தீர அதிர்வு குறைந்துகொண்டே வரும், அது நமக்குத் தெரியவும் தெரியாது. அதற்குச் சார்ஜ் போடுகிற மாடல் மேல். ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் ஒரு வாரத்துக்கு மேல் வரும், கரண்ட் போனாலும் கவலை இல்லை.

கையும் நன்றாக இருந்து, பொறுமையாக இரண்டு நிமிஷம் துலக்கவும் செய்கிறவர்களுக்கு? நாற்பது ஐம்பது ரூபாய் சாஃப்ட் பிரஷ்ஷே போதும். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன், என் பல்லில் டாக்டர் குறை எதுவும் சொன்னதில்லை.

பென்னாகரம் டீச்சர்:

நீங்கள் இருவரும் ஈறு, பிளாக் பற்றிச் சொன்னீர்கள். நம்ம பக்கத்தில் பெரும்பாலானவர்கள் விலை அதிகமான பிரஷ்ஷைத் தேடுவது வேறு ஆசையில். பல்லில் இருக்கிற காவிக்கறை போய்விடும் என்று நம்பி வாங்குகிறார்கள். அந்தக் கறை எந்தப் பிரஷ்ஷாலும் போகாது.

என் பழைய மாணவி ஒருத்தி சிரிக்கும்போதெல்லாம் நோட்டை எடுத்து வாயை மறைத்துக்கொள்வாள். கல்யாணப் பேச்சு வந்ததும் அவள் அப்பா, பல் வெளுக்கும் என்று கடையில் சொன்னதைக் கேட்டு, தக்காளி விற்ற காசில் பெரிய விலை கொடுத்து ஒரு பிரஷ் வாங்கி வந்தார். 'வெண்மை' என்று ஒரு தனிப் பொத்தானே அதில் உண்டு. பல மாதம் காலையும் இரவும் அதைப் போட்டுத் துலக்கினாள். கறை துளிகூட அசையவில்லை. தான் சரியாகத் துலக்கவில்லை போலிருக்கிறது என்று அந்தப் பெண் தன்னையே நொந்துகொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

நம் மாவட்டப் பாறையில் ஃபுளோரைடு இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அது கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. அதற்கு மேல் உள்ள தண்ணீரைக் குழந்தை குடித்து வளர்ந்தால், எட்டு வயது வரைக்கும் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் மேல் ஓடான எனாமல் கெட்டு, இந்தக் கறை வருகிறது. பல் முளைக்கும்போதே அந்தப் பாதிப்போடுதான் வெளியே வருகிறது. பிரஷ் தொடுவது மேற்பரப்பை மட்டும்.

டீக்கறை, வெற்றிலைக்கறை, புகையிலைக்கறை வேறு. அவை வெளியே படிந்தவை, டாக்டரிடம் கிளீனிங் செய்தால் போகும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. வலப்பக்கப் பல்லில் எப்படியோ இடப்பக்க ஜோடிப் பல்லிலும் அப்படியே இருந்து, குறுக்குக் கோடாகவோ திட்டாகவோ தெரிந்தால், அதுவும் சின்ன வயதிலிருந்தே இருந்தால், பெரும்பாலும் தண்ணீரால் வந்ததுதான். மேல் எனாமலை மெல்லியதாகத் தேய்ப்பது, பிளீச் செய்வது, பல் நிறத்தில் பூசுவது அல்லது உறை ஒட்டுவது என்று அதற்கு வைத்தியம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு முன்பற்களில் மட்டும் பூச்சு வேலை செய்தார்கள். பிரஷ்ஷுக்குப் போட்ட பணம் அந்தச் செலவில் ஒரு பகுதிக்காவது ஆகியிருக்கும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நமக்கு வந்ததே இந்த ஃபுளோரைடுக்காகத்தான். 2008-ல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாயில் முடித்து, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். அந்தக் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற வீட்டில், குழந்தை குடிக்கவும் சமைக்கவும் அதையே எடுத்து வையுங்கள். போர் தண்ணீர் துணி துவைக்கப் போகட்டும். காய்ச்சினால் ஃபுளோரைடு போகும் என்று இன்னமும் நிறையப் பேர் நினைக்கிறார்கள். போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆர்ஓ மெஷின் குறைக்கும். உங்கள் கிணற்றில் எவ்வளவு இருக்கிறது என்று சந்தேகமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

காவேரிப்பட்டினம் தாய்:

டீச்சர், என் பையனுக்கு நாலு வயசு. பொம்மை போட்ட எலக்ட்ரிக் பிரஷ் கேட்டு அடம் பிடிக்கிறான். கொடுக்கலாமா?

பென்னாகரம் டீச்சர்:

கொடுக்கலாம் அம்மா, சிறுவர்களுக்கென்று செய்த சின்னத் தலை, மெல்லிய நார் உள்ளதாக. ஆனால் நீங்கள் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். பேஸ்ட் பட்டாணி அளவு, அதற்கு மேல் வேண்டாம். துப்பச் சொல்லிப் பழக்குங்கள். நம் ஊர்த் தண்ணீரிலேயே ஃபுளோரைடு போகிறது, பேஸ்ட்டையும் விழுங்கினால் அது இன்னும் சேரும். எந்தப் பேஸ்ட் என்பதைத் தண்ணீர் விவரம் சொல்லி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலக்கோட்டுக்காரன்:

டீச்சர் சொன்னதை எங்கள் தெருவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பிரஷ் ஒரு தரம் வாங்குவதோடு செலவு முடியாது. தலையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், வருஷத்துக்கு நாலு. ஒவ்வொன்றும் நூறு, இருநூறு, சிலது அதற்கும் மேல். ஒரு கம்பெனித் தலை இன்னொன்றில் பொருந்தாது. விலை அதிகமான மாடல்களுக்குத் தலையும் விலை அதிகம். பாலக்கோட்டில் எங்கள் மாடலுக்குத் தலை கிடைப்பதில்லை, ஆன்லைனில் நாலாக வாங்கி வைத்துவிடுகிறேன்.

அப்புறம், போர் தண்ணீர் வீடுகளில் தலையைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பியைச் சுற்றி வெள்ளையாக உப்பும் பேஸ்ட் கசடும் இறுகியிருக்கும். அப்படியே விட்டால் தலை இறுகிப்போய்க் கழற்றவே வராது. வாரத்துக்கு ஒரு தரம் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்துக் காயவைத்து மாட்டினால் பிரஷ் நிறைய நாள் உழைக்கும்.