கனூவிலை பதிச்ச மேப்பிள் திட்டி மாதிரி நிக்குது, கழட்டவோ விடவோ?

பனங்கூடல்:
எல்லாருக்கும் வணக்கம். ஸ்கார்பரோவிலை கராஜுக்குள்ள 16 அடி சீடார் ஸ்டிரிப் கனூ (துடுப்பு போடுற ஒடுங்கின வள்ளம்) ஒண்டு இரண்டு வருஷமா செய்துகொண்டு வாறன், கால் இஞ்ச் தடிப்பு சிவப்பு சீடார் பட்டியள், ஒட்டி முடிச்சு ஸ்டேப்பிள் எல்லாம் கழட்டி வெளிப்பக்கம் தேய்ச்சும் ஆச்சு, இனி எபொக்ஸிப் பிசினோட ஃபைபர்கிளாஸ் துணி போடுறதுதான் மிச்சம். அதுக்கு முதல் முன்பக்கத்திலை பருத்தித்துறை வெளிச்சவீட்டைப் பதிக்க ஆசைப்பட்டனான். அப்பா கடலாலை திரும்பி வரேக்கை அந்த வெளிச்சத்தைப் பாத்துத்தான் கரைக்கு வாறவர். அவர் இப்ப இல்லை.

கோபுரம் வெள்ளை எண்டபடியா மேப்பிள், அடியிலை கல்லுக்கு வால்நட். 2 மிமீ தடிப்பிலை வெட்டி, டிரெமல் மெஷினாலை அதே ஆழத்துக்குத் தோண்டி, நாலு இடத்திலை சூப்பர் குளூவாலை பிடிச்சு மிச்சத்துக்கு எபொக்ஸி விட்டனான். காஞ்சபிறகு ஆர்பிட்டல் சாண்டர் போட்டா மேப்பிள் அப்பிடியே நிக்குது, சுத்திவர சீடார் பள்ளமாப் போட்டுது, தேய்க்கத் தேய்க்க பள்ளம்தான் கூடுது. கோபுரத்தின்ரை மேல்நுனியும் ஹல்லின்ரை (வள்ளத்தின்ரை உடம்பு) வளைவோட சேராமல் கொஞ்சம் எழும்பி நிக்குது. முழுக்கக் கழட்டி எடுக்கிறதோ? ஆராவது இப்பிடிச் செய்தனீங்களோ?

பழைய துடுப்பு:
தம்பி கழட்டாதேங்கோ, ஆனா சாண்டரை இப்பவே நிப்பாட்டுங்கோ. மரத்தின்ரை கடினத்தை அளக்கிற ஜாங்கா கணக்கிலை சிவப்பு சீடார் 350, வால்நட் 1010, ஹார்ட் மேப்பிள் 1450. நாலு மடங்கு வித்தியாசம். சாண்டர் பேட் மெத்தை மாதிரி, அது மெதுவான மரத்தைத்தான் முதல் தின்னும், நீங்கள் எவ்வளவு பொறுமையாத் தேய்ச்சாலும் அதுதான் நடக்கும்.

சுத்திவர சீடாருக்கு மேலை மாஸ்கிங் டேப் இரண்டு படை ஒட்டுங்கோ. நல்லாக் கூர் பிடிச்ச ஸ்கிரேப்பராலை (சுரண்டுற இரும்புத் தகடு) மேப்பிளை மட்டும், அதின்ரை நாரோட, மேலயிருந்து கீழ சுரண்டுங்கோ. டேப்பைத் தொட்டா நிப்பாட்டி, டேப்பை எடுத்துப்போட்டு மெல்லமா இன்னும் இரண்டு இழுவை. கோபுரத்தின்ரை நார் நிமிந்து நிக்குது, பட்டியின்ரை நார் படுத்துக் கிடக்குது, அதாலை இரண்டையும் ஒரே திசையிலை தேய்ச்சா ஒண்டிலை குறுக்குக் கீறல் விழும், எபொக்ஸி பட்டவுடனை அது பளிச்செண்டு தெரியும். கடைசியிலை நீளமான கட்டையிலை 120 சாண்ட் பேப்பர் சுத்தி சீடாரை மட்டும் கையாலை தேயுங்கோ.

பள்ளம் எவ்வளவு ஆழம்? மெல்லிய ஸ்டீல் ரூலரை ஹல்லோட வளைச்சு வச்சுப் பாத்துச் சொல்லுங்கோ.

வாவிக்கரை:
அண்ணா, நான் கயாக் டெக்கிலை மீன் பதிச்சனான், அதாலை அந்த எழும்பின நுனியைப் பற்றிச் சொல்லுறன். ஒட்ட முதல் துண்டைச் சுடுதண்ணியிலை ஊறவச்சு வளைச்சுக் காயவிட்டிருக்கவேணும், இப்ப அது ஏலாது. ஊசி சிரிஞ்சாலை கீழ எபொக்ஸி ஏத்தி, மேலை பொலித்தீன் போட்டு மண்மூட்டை ஒண்டை வச்சு ஒரு இரவு விடுங்கோ. அதைச் செய்துபோட்டுத்தான் சுரண்டவேணும். இடைவெளிக்கு சீடார் தூள் கலக்காதேங்கோ, எபொக்ஸியோட சேர்ந்தா நல்லாக் கறுத்துப்போகும். வால்நட் பக்கம் எண்டா வால்நட் தூளே போடலாம், கறுப்புக் கோடு அதோட மறைஞ்சிடும்.

சூப்பர் குளூ எண்டதுதான் எனக்குப் பயம். அது ஊறின இடத்திலை எபொக்ஸி ஊறாது, ஃபைபர்கிளாஸுக்குக் கீழ வெளிறின திட்டாத் தெரியும். ஸ்பிரிட் நனைச்ச துணியாலை துடைச்சுப் பாருங்கோ, ஊறாத இடம் இப்பவே தெரியும்.

பனங்கூடல்:
பெரிய உதவி. ரூலர் வச்சா பள்ளம் அரை மிமீயும் வராது. துடைச்சுப் பாத்தா மூண்டு திட்டு இருக்குது. இன்னொரு கேள்வி, 6 மிமீ பட்டியிலை 2 மிமீ தோண்டிப்போட்டன், தண்ணியிலை கல்லிலை இடிச்சா அந்த இடத்தாலை உடையாதோ?

பழைய துடுப்பு:
அரை மிமீ எண்டா பள்ளத்தின்ரை விளிம்பை நல்ல அகலத்துக்குப் பரவலாத் தேய்ச்சு விடுங்கோ, கண் பிடிக்காது. பலத்தைப் பற்றி யோசிக்காதேங்கோ. மரம் தண்டுக்கு நடுவிலை இருக்கிற சோறு மாதிரித்தான், பாரத்தைத் தாங்கிறது உள்ளயும் வெளியயும் போடுற ஃபைபர்கிளாஸ். மனம் ஆறேல்லை எண்டா உள்பக்கம் அந்த இடத்துக்கு மேலதிகமா 6 அவுன்ஸ் துணித்துண்டு ஒண்டு போடுங்கோ, பதிச்சதிலும் மூண்டு இஞ்ச் சுத்திவர அகலமா.

மாஸ்க் கட்டாயம் போடுங்கோ தம்பி. சிவப்பு சீடார் தூளிலை இருக்கிற பிளிகாட்டிக் அசிட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், கனூ செய்யிறதையே விட்ட ஆக்களை எனக்குத் தெரியும். ஏலுமெண்டா பீற்றர்பரோ கனூ மியூசியத்துக்கும் ஒருக்காப் போங்கோ, 2024 இலை ஏரிக்கரைப் புதுக் கட்டிடத்துக்கு மாறினது, பழைய சீடார் கனூக்களை ஆறுதலா நிண்டு பாக்கலாம்.

வாவிக்கரை:
எபொக்ஸியை பின்னேரம், கராஜ் சூடு இறங்கேக்கை பூசுங்கோ அண்ணா. சூடு ஏறேக்கை பூசினா மரத்துக்குள்ள இருக்கிற காத்து விரிஞ்சு குமிழி குமிழியா வரும்.

பனங்கூடல்:
நேற்று கிளாஸ் போட்டாச்சு. ஸ்கிரேப்பராலை சுரண்ட அரை மணித்தியாலத்திலை மட்டமாச்சு, மூண்டு கிழமை சாண்டரோட மல்லுக்கட்டினனான். எழும்பின நுனியும் படிஞ்சிட்டுது. குளூ திட்டு இரண்டு சுரண்டுப்பட்டுப் போட்டுது, ஒண்டு வால்நட்டுக்குப் பக்கத்திலை இன்னும் மெல்லிசாத் தெரியுது, அதை விட்டிட்டன். எபொக்ஸி ஊறினவுடனை மேப்பிள் பால்நிறமா எழும்பி வந்ததைப் பாத்து கொஞ்ச நேரம் ஒண்டும் செய்யாமல் நிண்டனான். மேலை வார்னிஷ் எத்தினை தரம்?

பழைய துடுப்பு:
வெயில் தாங்கிற ஸ்பார் வார்னிஷ் குறைஞ்சது மூண்டு தரம். எபொக்ஸியை நல்லாக் காயவிட்டு, தண்ணியும் பச்சை ஸ்கிரப் பேடும் வச்சுக் கழுவிப்போட்டுப் பூசுங்கோ.