ஜமைக்காவில் இறக்கியது 10 லட்சம், மிஞ்சியது 3 லட்சம்: ஏன்?

கேள்வி (ஏடுதேடி)
ஜமைக்காவில் இறக்கப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள் சுமார் 10 லட்சம். 1834இல் பிரிட்டிஷ் அடிமை விடுதலைச் சட்டம் அமலானபோது அங்கே இருந்தவர்கள் 3 லட்சத்துச் சொச்சம். இன்றைய அமெரிக்காவில் நேரடியாக இறங்கியவர்கள் 4 லட்சம்கூட இல்லை. 1860இலோ ஏறக்குறைய 40 லட்சம் பேர். சாட்டை இரண்டு இடத்திலும் உண்டு. பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில் (கொப்பரை)
கரும்புதான் காரணம். வெட்டிய கரும்பை ஓரிரு நாளில் பிழியாவிட்டால் சாறு புளித்துப்போகும், சர்க்கரை உறையாது. ஆகவே அறுவடை மாதங்களில் ஆலை இரவும் ஓடும். பகலில் வெட்டியவர்களே முறைவைத்துச் சாறு காய்ச்சும் கொப்பரை முன்னும் நிற்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் உருளைக்குள் விரல் போனால் கையே போகும். வெட்டி விடுவிக்கக் கோடரி பக்கத்திலேயே இருக்கும். அறுவடை முடிந்தால் களிமண்ணில் குழி தோண்டுவது, தலையில் எருக்கூடை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த வயல் வேலையில் பெண்களே அதிகம். கருக்கள் கலைந்தன. தப்பிப் பிறந்த குழந்தைகளில் ஏராளமானவை தொப்புள்கொடிப் புண் வழியே வரும் ரணஜன்னியில் (டெட்டனஸ்) முதல் இரண்டு வாரத்துக்குள் இறந்தன. 1807 வரை அடிமைக் கப்பல் வந்துகொண்டே இருந்ததால், பிள்ளை வளர்ப்பதைவிட ஆள் வாங்குவதே லாபம் என்பது தோட்டக்காரர் கணக்கு.

பதில் (துறைமுகம்)
ஒரு திருத்தம்: அந்த 10 லட்சத்தில் கணிசமானோர் ஸ்பானியக் குடியேற்றங்களுக்கு மறுவிற்பனையானார்கள். அதைக் கழித்தாலும் உங்கள் கேள்வி நிற்கிறது. கரும்புதான் காரணம் என்பதற்கு லூசியானாவே சாட்சி. அமெரிக்காவிலேயே கரும்பு விளைந்த அந்தப் பகுதியிலும் பிறப்பைவிட இறப்பு அதிகம். புகையிலை, பருத்தி வட்டாரங்களில்தான் தொகை பெருகியது. அதைக் கருணை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1808இல் இறக்குமதி தடையான பிறகு வர்ஜீனியாவில் பிறந்த பிள்ளைகளே தெற்குப் பருத்திக் காடுகளுக்கு விற்கும் சரக்கானார்கள். 1860க்குள் சுமார் 10 லட்சம் பேர் அப்படி இடம்பெயர்க்கப்பட்டார்கள்.

ஏடுதேடி
தோட்டவாரியாகப் பிறப்பு, இறப்பு பார்க்க முடியுமா?

பதில் (கொப்பரை)
முடியும். ஜமைக்காவில் 1817 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை அடிமைப் பதிவேடு எழுதினார்கள். கூடியவர், குறைந்தவர் பெயர்கள் இருக்கும். ஆனால் இரண்டு பதிவுக்கு நடுவே பிறந்து இறந்த குழந்தை பெரும்பாலும் எந்த வரியிலும் வராது. அதனால் ஏட்டில் உள்ள பிறப்பு எண்ணிக்கையை அப்படியே எடுத்து விகிதம் போடாதீர்கள். பிறப்பு விகிதம், இறப்பு விகிதம் இரண்டுமே உண்மையைவிடக் குறைவாகத்தான் வரும்.