காயலான் கடைக்குப் போகவிருந்த கம்பித் தட்டிகள்: எங்கள் அனுபவங்கள்

நாமக்கல் பக்கத்திலிருந்து:

எங்கள் ஊரைச் சுற்றி முட்டைக்கோழிப் பண்ணைகள்தான். கூண்டு மாற்றும்போது பழைய கம்பித் தட்டிகளை எடைக்குப் போட்டுவிடுவார்கள். பழைய இரும்புக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், நசுங்காததாகப் பார்த்து ஒதுக்கி வைப்பார். என் தோட்டத்தில் பாதி அந்தத் தட்டிகளை நம்பித்தான் நிற்கிறது.

எடுக்கும்போது முதலில் கண்ணளவை, அதாவது கம்பிகளுக்கு நடுவே உள்ள ஓட்டையின் அளவை, பாருங்கள். ஒரே கூண்டிலேயே இரண்டு வகை கிடைக்கும். அடித்தட்டு சின்னக் கண். முட்டை உருண்டு முன்னால் வரவேண்டும் என்பதால் லேசான சரிவோடு இருக்கும். முன்பக்கத் தட்டியில் கோழி தலையை நீட்டித் தீனி தின்னும் அளவுக்கு இடைவெளி இருக்கும். கொடி ஏற்ற அந்த இடைவெளிகூடப் போதாது. பீர்க்கை, பாகல் எல்லாம் பிஞ்சாக இருக்கும்போது கண்ணுக்குள் நுழைந்து அங்கேயே பெருத்துவிடும். அப்புறம் காயைத் துண்டு போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதனால் நான் ஒன்றுவிட்டு ஒரு கம்பியைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி எடுத்துவிடுவேன். கண் நான்கு அங்குலத்துக்கு மேல் இருந்தால் காய் தாராளமாகத் தொங்கும், பறிக்கக் கையும் போய் வரும்.

இரண்டு தட்டிகளைக் கூரை மாதிரி சாய்த்து, உச்சியில் கட்டுக்கம்பியால் முறுக்கிவிட்டால் சின்னப் பந்தல் தயார். காலை வெயில் ஒரு பக்கம், மாலை வெயில் மறுபக்கம் விழும்படி வடக்கு தெற்காக வையுங்கள். சித்திரை வெயிலில் அந்த நிழலுக்கடியில் கீரை விதைக்கிறேன், வாடாமல் வருகிறது. பாகல் கொடி தொடக்கத்தில் வழவழப்பான கம்பியைப் பிடிக்கத் தடுமாறும். முதல் இரண்டு அடிக்குத் தேங்காய் நார்க்கயிற்றைச் சுற்றி விடுங்கள், ஏறிவிடும்.

ஒன்று மட்டும் கட்டாயம். பண்ணையிலிருந்து வந்த கம்பியில் எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கும். அதில் நோய்க்கிருமி இருக்கலாம், கம்பியையும் அது அரித்துக்கொண்டே இருக்கும். வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றி அலசி, நல்ல வெயிலில் போட்ட பிறகுதான் கீரைப் பாத்தி பக்கம் கொண்டுபோக வேண்டும். துரு ஏறிய இடங்களில் எமரி தாள் போட்டு ரெட் ஆக்சைடு அடித்தால் இன்னும் பல மழைக்காலம் தாங்கும்.

மதுரையிலிருந்து:

எங்களுக்கு மாடிதான் தோட்டம், பெரிய தட்டிக்கு இடமில்லை. ஆனால் ஓடாத மேசை விசிறி எல்லார் வீட்டிலும் ஒன்று கிடக்கும். அதன் முன்பக்க வலையைச் சுவரில் ஆணியடித்து மாட்டி மணி பிளான்ட் ஏற்றியிருக்கிறேன். பின்பக்க வலை குழிவாக இருப்பதால், வடகம் காயப்போடும்போது தட்டின் மேல் கவிழ்த்து வைக்கிறேன். காகம் வாய் வைப்பதில்லை. பழைய பிரிட்ஜின் கம்பித் தட்டுகளும் என்னிடம் இருக்கின்றன. நான்கு செங்கல் மேல் அவற்றை வைத்து, வெள்ளை வேட்டியை விரித்து வத்தல் போட்டால் அடியிலும் காற்றோடும். பாயில் போடுவதைவிடச் சீக்கிரம் காய்கிறது, புரட்டிப் போடும் வேலையும் குறைவு. நாமக்கல் அண்ணா, உங்கள் கூண்டின் அடித்தட்டில் நார்த்தங்காய், மோர் மிளகாய் போடலாமா?

தஞ்சாவூர் பக்கத்திலிருந்து:

எங்கள் கொல்லையில் மயில் தொல்லை. கத்தரிப் பாத்தி மேல் நைலான் வலை போட்டிருந்தோம். ஒரு நாள் காலையில் பார்த்தால் பெரிய சாரைப்பாம்பு ஒன்று அதில் மாட்டிக் கிடந்தது. பாம்பின் செதில்கள் பின்னோக்கி இருப்பதால், நூலுக்குள் தலை நுழைந்துவிட்டால் பின்வாங்க முடியாது. முண்டி முண்டி நாலைந்து கண்களுக்குள் உடம்பு புகுந்து நூல் தோலை அறுத்திருந்தது. பாம்பு பிடிக்கத் தெரிந்தவரை அழைத்தோம். அவர் தலைமேல் ஈரத் துணியைப் போட்டு, சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு நூலாக வெட்டினார். வெகு நேரம் ஆனது. விட்டதும் வாய்க்கால் பக்கம் மெதுவாகப் போனது. வயலில் எலியைத் தின்று நமக்கு உதவுகிற, விஷமே இல்லாத உயிர் அது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரம் இன்னும் மனசை உறுத்துகிறது.

அன்றைக்கே நைலானைக் கழற்றிவிட்டோம். வீடு கட்டி மீந்திருந்த வெல்டு மெஷ் துண்டுகளை அரைவட்டமாக வளைத்துப் பாத்தி மேல் கவிழ்த்தோம். இரண்டு அங்குலக் கண், விறைப்பான கம்பி. நூல் போல உடம்பைச் சுற்றி இறுக்காது. சாதாரணப் பாம்பு அப்படியே நுழைந்து போய்விடும். மயிலுக்கு உள்ளே கழுத்தை விட முடிகிறது, ஆனால் செடியை மிதித்துச் சாய்க்க முடிவதில்லை. உயரமாக வளைத்தால் கழுத்துக்கும் எட்டாது. வலை போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோழிக்கூண்டுக்கு மட்டும் அரை அங்குலத்துக்கு மேல் கண் வேண்டாம். ஓர் அங்குலக் கோழி வலை கோழியை உள்ளே வைக்கும், ஆனால் எலியைத் தடுக்காது. பெருச்சாளியும் கீரியும் அடியில் பறித்துக்கொண்டு வரும். கூண்டைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்கு வலையை வெளிப்பக்கமாகத் தரையில் படுக்கவைத்து மேலே மண்ணைப் போட்டோம். சுவரோரம் வந்து பறிக்கிறது, நகம் கம்பியில் தட்டுகிறது, போய்விடுகிறது.

கோயம்புத்தூரிலிருந்து:

எங்கள் வீட்டில் மாவும் வேம்பும் கொட்டும் சருகை எரிக்காமல் இருக்க உதவியது பழைய வேலி மெஷ்தான். மூன்றடி விட்டத்தில் வளையம் வேண்டுமென்றால் பத்தடி நீளம் வெட்டிக்கொள்ளுங்கள்; முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கொஞ்சம் மிஞ்சும். சருகைக் கொட்டி மிதித்து, சாணிக் கரைசல் தெளித்து, காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். மாவிலை தடிமன் என்பதால் மட்கத் தாமதமாகும். பக்கமெல்லாம் காற்று போவதால் நாற்றம் கிடையாது. எடுக்கும்போது கட்டை அவிழ்த்தால் வளையம் தனியே வந்துவிடும், அடியில் கறுத்த உரம்.

ஆடு கடிக்காமல் இருக்க மரக்கன்றுக்கும் இதே வளையம்தான். ஆனால் தெருவோர மரங்களைப் பாருங்கள்: கூண்டை யாரும் கழற்றாததால் கம்பி பட்டைக்குள் புதைந்து கிடக்கிறது. அடிமரம் கம்பியைத் தொடுவதற்கு முன்பே எடுத்து, அடுத்த கன்றுக்குப் போடுங்கள். கன்று வைப்பவர்கள் பலர் இதை மறந்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நாமக்கல் பக்கத்திலிருந்து:

மதுரைத் தங்கச்சிக்கு: நார்த்தங்காய், மோர் மிளகாய் வேண்டாம். கூண்டுக் கம்பிக்குத் துத்தநாகப் பூச்சு. புளிப்பும் உப்பும் பட்டால் அது கரைந்து காயோடு சேரும். வேட்டி விரித்தாலும் ஈரம் ஊறி இறங்கும். அவற்றுக்கு மூங்கில் தட்டோ முறமோ பயன்படுத்துங்கள். அடித்தட்டில் நாற்றுத் தட்டுகளை அடுக்குங்கள், தண்ணீர் தேங்காமல் வடியும்.

வெட்டிய முனைகளைக் குறடால் உள்பக்கம் மடக்கிவிடுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம். துருப்பிடித்த கம்பி கிழித்தால் டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

நண்பர் ஒருவர் இந்தத் தட்டியை அடுப்பின் மேல் வைத்து மீன் சுடலாமா என்று கேட்டார். கூடாது. தணல் சூட்டில் துத்தநாகம் புகையாகும். அது மூச்சில் போனால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பழைய பிரிட்ஜ் தட்டுகளில் சிலவற்றுக்குக் காட்மியம் பூசியிருப்பார்கள், அது இன்னும் ஆபத்து. மீன் சுட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டி ஒன்றைக் கடையில் புதிதாகவே வாங்கிவிடுங்கள்.