சூரியகாந்தி எப்ப ஊன்றலாம்? ரொறன்ரோப் பக்கத்து உறைபனிக் கணக்கு

ஸ்காபரோவிலிருந்து:
விக்டோரியா நாள் (மே 25க்கு முந்திய திங்கள்) கழிந்தால்தான் நடலாம் என்பது தக்காளிக்கும் மிளகாய்க்கும் சரி. சூரியகாந்திக்கு அவ்வளவு பொறுக்கத் தேவையில்லை. வித்திலை (முளைத்ததும் முதலில் விரியும் இரண்டு இலை) மட்டும் விரிந்த கன்று லேசான உறைபனியைத் தாங்கிவிடும். நாலு, ஆறு இலை வந்தபிறகுதான் பயம். அப்போது கடும்பனி பட்டால் நுனிக்குருத்து கருகிப் பக்கக்கிளை வெடிக்கும். ஒரு பெரிய பூ வரவேண்டிய இடத்தில் பல சின்னப் பூக்கள்தான் மிஞ்சும்.

விதையைக் கெடுப்பது பெரும்பாலும் பனியல்ல, குளிர்ந்த ஈரமண். காலையில் 5 செ.மீ. ஆழத்தில் வெப்பமானியைக் குத்திப் பாருங்கோ. சில நாள் தொடர்ந்து 10 பாகை செல்சியசுக்கு மேல் நின்றால் 3 செ.மீ. ஆழத்தில் ஊன்றலாம். மண் 10 பாகைக்குக் குறைவென்றால் விதை கனநாள் கிடந்து அழுகும். ஊன்றியதும் கம்பிவலை போடுங்கோ, அணில் கிண்டிவிடும்.

பாரியிலிருந்து:
ஸ்காபரோ அண்ணை சொன்னது ஏரிக்கரைக்குப் பொருந்தும். வடக்கே எங்கள் பக்கம் ஒன்று இரண்டு கிழமை பிந்துங்கோ. 'சராசரிக் கடைசி உறைபனி நாள்' என்றால் ஏறக்குறையப் பாதி ஆண்டுகளில் அதற்குப் பிறகும் பனி வரும் என்றே பொருள். முகிலும் காற்றும் இல்லாத இரவும் பள்ளமான வளவும் சேர்ந்தால் கவனம். பொழுதுபட முன்னமே பழைய படுக்கைவிரிப்பை நிலம்வரை மூடி, காலையில் எடுத்துவிடுங்கோ. பொலித்தீன் இலையில் தொட்டால் அந்த இடம் கருகும்.

வீட்டுக்குள் முளைக்கவைப்பதென்றால் இரண்டு மூன்று கிழமைக்கு மேல் வேண்டாம். ஆணிவேர் சாடிக்குள் சுருண்டால் செடி பிறகு தேறாது. கடதாசிக் குவளையில் போட்டு, அடியைக் கிழித்து, வேரைக் குலைக்காமல் இறக்குங்கோ.

பிரம்டனிலிருந்து:
எனக்கு முக்கியமாகப் படுவது இலையுதிர்காலக் கணக்கு. இங்கே முதல் உறைபனிக்கு ஒக்டோபர் முதற்கிழமையை எல்லையாக வையுங்கோ. பொதியில் 110 நாள் என்றிருக்கும் பெரிய விதை இனத்துக்கு, பிந்தி ஊன்றினால் முதிர்ச்சி இழுபடும் என்பதால் இன்னும் 14 நாள் கூட்டுங்கோ. ஒக்டோபர் 5இலிருந்து 124 நாள் பின்னோக்கி எண்ணினால் யூன் 3. அதற்குப் பிறகு விதைக்காக ஊன்றுவது வீண். 60 நாள் பூ இனமென்றால் யூலை 20 வரைக்கும் பத்து நாளுக்கு ஒருமுறை ஊன்றலாம்.

மொட்டிலும் பூவிலும் பனி பட்டால் விதை சப்பையாகும். பூத்தலையின் முதுகு மஞ்சளாகி, அதைச் சுற்றியுள்ள பச்சை இலைகள் பழுப்பானபின் பட்டால் பழுதில்லை, கெதியாய்க் காயும். அந்த நேரம் குருவிக்குத்தான் வலை கட்டவேணும்.